பெட்டி வேறானால் விளையாட்டும் வேறா?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, வீடியோ கேம் கன்சோல்களையும் ஒரே கருவிக்கென்று ஒதுக்கப்படும் ‘எக்ஸ்க்ளூசிவ்’ விளையாட்டுகளையும் பற்றியவை. அவற்றில் நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகனுக்குப் பதினான்கு வயது. பிளேஸ்டேஷன் 5 வேண்டும் என்கிறான். நொய்டாவில் இருக்கும் என் அண்ணன் மகனிடம் எக்ஸ்பாக்ஸ் இருக்கிறது. நாமும் அதையே வாங்கினால் டிஸ்க்குகளை மாற்றிக்கொள்ளலாமே என்றால், ஸ்பைடர்மேன் அதில் வராது என்று மறுக்கிறான். ஒன்றில் ஓடுவது மற்றதில் ஏன் ஓடாது?
— வாசகி, மயூர் விஹார்

உங்கள் மகன் சொல்வது சரிதான், அம்மா. அந்த ஸ்பைடர்மேன் விளையாட்டுகளை உருவாக்கிய இன்சோம்னியாக் நிறுவனத்தை, பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனியே 2019இல் வாங்கிவிட்டது. அவை பிளேஸ்டேஷனில் வரும், பிறகு கணினியிலும் வரும், எக்ஸ்பாக்ஸில் வந்ததில்லை.

இதற்குக் காரணம் தொழில்நுட்பம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படியும் இருந்தது. ‘ஃபைனல் ஃபேன்டஸி’ வரிசையின் முதல் ஆறு பாகங்களும் நின்டெண்டோ கருவிகளில்தான் வெளிவந்தன. ஆனால் நின்டெண்டோ 64 கருவி, சிடியைவிடக் குறைவாகவே கொள்ளும் கார்ட்ரிட்ஜையே பிடித்துக்கொண்டிருந்ததால், அதில் அடங்காத ஏழாம் பாகம் 1997இல் மூன்று சிடிக்களாக பிளேஸ்டேஷனுக்குப் போய்விட்டது. அந்தக் கருவியின் விற்பனைக்கு அது பெரிய பலமாக அமைந்தது. இன்று நிலைமை வேறு. 2020 நவம்பரில் ஒரே வாரத்தில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டின் உள்ளேயும் இருப்பது ஏஎம்டி நிறுவனத்தின் சிப்தான். ஒவ்வொரு கருவிக்கும் விளையாட்டைத் தனித்தனியாகத் தயார் செய்ய வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது தெரிந்த வேலை, செய்து பழகிய வேலை. வழியை மறித்து நிற்பது ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்துக்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கு உண்டு. கன்சோலை விற்பதில் லாபம் மிகக் குறைவு; சில சமயம் நஷ்டமே. எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளை விற்றதில் தாங்கள் ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் 2021இல் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். வருமானம் வருவது, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஆன்லைன் கடையில் யார் எந்த விளையாட்டை வாங்கினாலும் அதிலிருந்து பிடித்துக்கொள்ளும் சுமார் 30 சதவீதப் பங்கிலிருந்துதான். ஆகவே ஒரு வீட்டுக்குள் யாருடைய பெட்டி முதலில் நுழைகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்பைடர்மேனுக்காக உங்கள் வீட்டுக்குள் வரும் கருவியில், அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கு உங்கள் மகன் கால்பந்தும் கார் பந்தயமும் வாங்கிக்கொண்டே இருப்பான் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு.

உங்களுக்கு உதவக்கூடிய இரண்டு விவரங்கள். அண்ணன் தங்கை பிள்ளைகள் சேர்ந்து விளையாட ஒரே கருவி இருந்தாக வேண்டும் என்பதில்லை. அதுவரை மறுத்துவந்த சோனி 2018இல் ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டு விஷயத்தில் இறங்கி வந்த பிறகு, வேறு வேறு கருவிகளில் இருப்பவர்கள் இணையத்தில் ஒன்றாக ஆடுவது வழக்கமாகிவிட்டது. இரண்டாவது, டிஸ்க்கை மாற்றிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் டிஸ்க் டிரைவ் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் எடிஷனிலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸிலும் டிஸ்க் போட இடமே இல்லை. தில்லியின் நிலத்தடிக் கடைத்தெருவான பாலிகா பஜாரில் இறங்கிப் பழைய டிஸ்க்குகள் விற்கும் கடை முன் பத்து நிமிடம் நின்று பார்த்தால் இதன் அருமை தெரியும். பையன் நீட்டும் டிஸ்க்கைக் கடைக்காரர் விளிம்பில் பிடித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்து, கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார். ஐயாயிரம் ரூபாய் வரை விலை வைக்கப்படும் ஒரு விளையாட்டை முடித்துவிட்டு, அதைக் கொடுத்து அடுத்ததை வாங்கும் வழி நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது.

ஒரு விளையாட்டைப் பணம் கொடுத்து ஒரே கருவிக்குள் அடைத்து வைப்பது வாங்குபவர்களுக்குச் செய்யும் அநியாயம் இல்லையா? சட்டம் இதைத் தடுக்காதா?
— கல்லூரி மாணவர், ஆர்.கே. புரம்

உங்கள் கோபத்தில் பாதியை நானும் பகிர்ந்துகொள்கிறேன். ஒரு விளையாட்டு பிறப்பதற்காகக் கொடுக்கப்படும் பணம் வேறு; பிறந்த விளையாட்டு அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்காகக் கொடுக்கப்படும் பணம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுத் திட்டக் கூடாது என்பது என் கருத்து.

முதல் வகைக்கு ‘பேயோனெட்டா’ நல்ல சான்று. 2009இல் அதன் முதல் பாகம் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டிலும் வந்தது. இரண்டாம் பாகத்துக்குப் பணம் போட ஆளில்லாமல் நின்றபோது நின்டெண்டோ முன்வந்தது. 2014இல் அந்நிறுவனத்தின் வீ யூ கருவியில் மட்டும் அது வெளியானது. முதல் பாகத்தை ரசித்த பலருக்கு வருத்தம்தான். ஆனாலும் நின்டெண்டோவின் பணம் இல்லையென்றால் அந்த விளையாட்டே இருந்திருக்காது. இரண்டாம் வகைக்குச் சான்று, ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4’. எல்லோருக்கும் பொதுவாக வெளிவந்த அந்த விளையாட்டின் இரண்டு கூடுதல் அத்தியாயங்களைத் தன் கருவிக்கு என்று பெற மைக்ரோசாஃப்ட் கொடுத்தது 5 கோடி டாலர். 2009 பிப்ரவரியில் எக்ஸ்பாக்ஸ்காரர்கள் ஆடிய முதல் அத்தியாயம் பிளேஸ்டேஷன்காரர்கள் கைக்கு வர 2010 ஏப்ரல் ஆயிற்று. ‘ரைஸ் ஆஃப் த டூம் ரெய்டர்’ விஷயத்திலும் ஏறத்தாழ ஓராண்டு இப்படியே கழிந்தது.  பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஏக்கத்துக்குத்தான் விலை கொடுக்கப்பட்டது. இதை என்னால் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியவில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, இத்தகைய ஒப்பந்தங்கள் பொதுவாகத் தடை செய்யப்பட்டவை அல்ல. ஒரு நிறுவனம் இன்னொன்றை விழுங்கும்போதுதான் அரசுகள் தலையிடுகின்றன. ‘கால் ஆஃப் டியூட்டி’யை வைத்திருக்கும் ஆக்டிவிஷன் பிளிஸ்ஸார்டை ஏறத்தாழ 6,870 கோடி டாலருக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் 2022 ஜனவரியில் அறிவித்ததும், அந்த விளையாட்டு பிளேஸ்டேஷனிலிருந்து மறைந்துவிடுமோ என்ற கேள்வி எழுந்து, அமெரிக்க வணிக ஆணையம் நீதிமன்றம் சென்றது. 2023 ஜூலையில் நீதிபதி தடை விதிக்க மறுத்தார். அதே மாதம், கால் ஆஃப் டியூட்டியைப் பத்து ஆண்டுகளுக்குப் பிளேஸ்டேஷனிலும் தருவதாகச் சோனியுடன் உடன்பாடு ஏற்பட்டது. அக்டோபரில் விற்பனை முடிந்தது.

அந்த வழக்கில் எனக்கு மறக்காத இரண்டு விஷயங்கள் உண்டு. சாட்சிக் கூண்டில் அமர்ந்த மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெல்லா, தன்னிடம் விட்டால் எக்ஸ்க்ளூசிவ் முறையையே எடுத்துவிடுவேன், ஆனால் முதலிடத்தில் இருக்கும் சோனி அதைக் கொண்டே போட்டியை நடத்துகிறது என்ற பொருளில் பேசினார். மற்றது சோனி தாக்கல் செய்த ஒரு ஆவணம். ரகசிய எண்களின் மீது யாரோ கறுப்பு மார்க்கர் பேனாவால் கோடு இழுத்திருந்தார்கள்; ஸ்கேன் செய்தபோது அந்தக் கோட்டுக்கு அடியில் எழுத்து தெரிந்துவிட்டது. ‘த லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகத்துக்கு ஆன செலவு 22 கோடி டாலர் என்பது உலகுக்குத் தெரிந்தது அப்படித்தான். இவ்வளவு பணத்தைப் போடும் நிறுவனம் அதைத் தன் கருவியின் விற்பனைக்குப் பயன்படுத்திக்கொள்வதை நான் குறை சொல்லமாட்டேன். அந்தச் செலவு ஏறிக்கொண்டே போவதால்தான் சோனியே 2020 முதல் ‘ஹொரைசன்’, ‘காட் ஆஃப் வார்’ போன்றவற்றைச் சில ஆண்டுகள் கழித்துக் கணினிக்கும் தரத் தொடங்கியது.

நின்டெண்டோ ஸ்விட்ச் வாங்க ஆசை. இந்தியாவில் முறையாகக் கிடைக்குமா?
— வாசகர், கரோல் பாக்

நின்டெண்டோ தன் கருவிகளை இங்கே நேரடியாக விற்பதில்லை. பாலிகாவிலும் ஆன்லைனிலும் கிடைப்பவை வெளிநாட்டிலிருந்து வந்தவை. பழுதானால் விற்ற கடைதான் பொறுப்பு என்பதால் பில்லும் உத்தரவாதமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாரியோவும் செல்டாவும் வேறு எந்த கன்சோலுக்கும் வரப்போவதாகத் தெரியவில்லை. அவற்றுக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம், தம்பி கோலுவைத் தேடிப் புறப்படும் ராஜி என்ற சிறுமியின் கதையை நம் புராணங்களின் பின்னணியில் விளையாட்டாக்கியது. ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ 2020 ஆகஸ்டில் முதலில் வந்தது ஸ்விட்சில் மட்டும், மற்ற கருவிகளுக்கு அக்டோபரில்தான் வந்தது. இந்தியாவில் பிறந்த விளையாட்டு, இந்தியாவில் நேரடியாக விற்கப்படாத கருவியில் முதலில் வெளிவந்தது. மேலே சொன்ன என் அளவுகோலின்படி இதுவும் காத்திருக்க வைத்த ஏற்பாடுதான். ஆனாலும் உலகின் கண்ணில் பட ஒரு வாசல் தேவைப்பட்ட அந்தச் சிறு குழுவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பேரனுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். ஹேலோ வேறு கன்சோலில் கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், இப்போது அதுவும் பிளேஸ்டேஷனுக்குப் போகிறது என்று முகம் வாடி உட்கார்ந்திருக்கிறான். தவறான கருவியை வாங்கிவிட்டேனா?
— ஓய்வுபெற்றவர், ஜனக்புரி

இல்லை, ஐயா. அவனுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. 2001 நவம்பரில் முதல் எக்ஸ்பாக்ஸ் கடைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கருவியின் முகமே ஹேலோதான். ஆனால் அதன் கதையைக் கேட்டால் அவன் வியந்துபோவான். 1999இல் அதை மேடையில் முதன்முதலாகக் காட்டியவர் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ். அன்று அது மேக் கணினிக்கு வரவேண்டிய விளையாட்டு. அடுத்த ஆண்டே அதை உருவாக்கிய பங்கி நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கித் தன் கருவிக்குக் கொண்டுவந்தது. 2007இல் தனியே பிரிந்துபோன பங்கியை 2022இல் 360 கோடி டாலர் கொடுத்து வாங்கியது யார் என்றால், சோனி. ஹேலோ மட்டும் மைக்ரோசாஃப்டிடமே தங்கியது. முதல் ஹேலோவின் மறுஆக்கம் பிளேஸ்டேஷன் 5இலும் வரும் என்று 2025 அக்டோபரில் அறிவித்தார்கள்.

2024இல் மைக்ரோசாஃப்ட் தன் நான்கு விளையாட்டுகளை மற்ற கன்சோல்களுக்குத் திறந்துவிட்டதில் தொடங்கிய மாற்றம் இது. எதிர்த்திசையில் வருவது மிகக் குறைவு. சோனி வெளியிட்ட ‘ஹெல்டைவர்ஸ் 2’ 2025 ஆகஸ்டில் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது ஒரு விதிவிலக்கு. ஆகவே ஸ்பைடர்மேனை அவன் ஆட முடியாது என்பது உண்மை. அதற்காக அவனிடம் ஏற்கெனவே இருப்பவற்றில் ஒன்றுகூடக் குறைந்துவிடவில்லை. அவன் ஹேலோவை இனி இன்னும் பல பிள்ளைகள் ஆடுவார்கள், அவ்வளவுதான்.

சீரிஸ் எக்ஸில் டிஸ்க் டிரைவ் இருக்கிறது. 2014இல் வந்த ‘ஹேலோ: த மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன்’ அதில் ஓடும். ஹேலோவின் முதல் நான்கு பாகங்களும் அந்த ஒரே தொகுப்பில் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு மெட்ரோவில் ராஜீவ் சௌக் போய் இறங்கி, பாலிகாவில் பழைய பிரதி கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால், பணம் கொடுப்பதற்கு முன் டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும் வேலையை அவனிடமே விட்டுவிடுங்கள்.