மாத்திரை நினைவூட்டும் கருவி முதியவர்களிடம் ஏன் எடுபடுவதில்லை?

மாத்திரை நேரத்துக்கு ஒலிக்கும் கருவி வாங்கித் தந்தும் அம்மா கவனிப்பதில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மறதி என்று முடிவுகட்டும் முன் காதைச் சந்தேகியுங்கள். வயதாகும்போது உயர் அதிர்வெண் (கீச்சென்ற) ஒலிகள்தான் முதலில் மங்கும். மலிவான கருவிகளின் ‘கீச்’ ஒலி பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அமெரிக்கத் தீ பாதுகாப்பு விதிமுறை ஹோட்டல் போன்ற இடங்களின் படுக்கையறைத் தீ அலாரத்துக்கு 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலியைக் கட்டாயமாக்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒலி ஓய்ந்ததும் செய்தியும் காற்றோடு போய்விடுகிறது. மூடியைத் திறக்கும்வரை விளக்கு எரியும் மாத்திரைப் பெட்டியே மேலானது. (திறப்பதும் விழுங்குவதும் ஒன்றல்ல, அது வேறு கதை.) கடிகார நேரத்தைவிட அன்றாடச் செயலோடு இணைந்த நினைவூட்டலே முதியவர்களுக்கு எளிது, காபி டபராவுக்குப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் போனுக்குத் தகவல் வரும் வசதியை மட்டும் அம்மாவைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். வேவு பார்ப்பதாகத் தோன்றினால் பிளக்கையே பிடுங்கிவிடுவார்.