குண்டு விழுந்த வருஷம்: வாசகர் கேள்வி–பதில்

போர் நடந்த 1942ஆம் ஆண்டு பர்மாவைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டதில் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: என் தாயார் சித்திரபானு வருஷம் ஐப்பசி 10ஆம் தேதி காலை 9 மணிக்குப் பெகுவில் பிறந்ததாகத் தாத்தா நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு ஜோதிடர் விருச்சிக லக்னம் என்கிறார், இன்னொருவர் துலா லக்னம் என்கிறார். யார் சொல்வது சரி? (வாசகி, பெகு)

சகோதரி, தாத்தா எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சித்திரபானு ஐப்பசி என்றால் 1942 அக்டோபர் கடைசி வாரம். அப்போது பர்மா ஜப்பானியர் கையில் இருந்தது. 1942 மே மாதத்திலிருந்து 1945 மே வரை இங்கே ஓடியது டோக்கியோ நேரம். அது நம் பர்மா நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. கடிகாரம் 9 என்று காட்டியபோது உண்மையில் காலை 6.30தான், சூரியன் உதித்து அரை மணி ஆகியிருக்கும். ஐப்பசியில் சூரியன் துலாத்தில் நிற்பதால் உதயத்தை ஒட்டிய லக்னமும் துலாம். திருத்தாமல் 9 மணிக்கே கணக்குப் போட்டால் விருச்சிகம் வந்துவிடும்.

ஆனால் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டரை மணி கழித்துவிடாதீர்கள். வீட்டுக் கடிகாரத்தைப் பழைய நேரத்திலேயே ஓடவிட்டிருந்தால் 9 மணி என்பது 9 மணியேதான். எனவே அதே நோட்டில் உதயாதி நாழிகை குறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாழிகையைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவதால் ராணுவ உத்தரவு எதுவும் அதைத் தொட முடியாது. ஒரு நாழிகை 24 நிமிஷம். ஒன்றே கால் நாழிகை என்று இருந்தால் துலாம், ஏழரை என்று இருந்தால் விருச்சிகம். அந்த மூன்று வருஷத்தில் பிறந்தவர்களின் ஜாதகத்தை வைத்திருக்கும் எல்லோரும் இதை ஒரு தடவை சரிபார்ப்பது நல்லது.

கேள்வி: ‘ரங்கூனில் குண்டு விழுந்த மறுநாள்’ அப்பா பிறந்தாராம். தேதி சொல்ல முடியுமா? (வாசகர், இன்செயின்)

முதல் குண்டுவீச்சு 1941 டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை. விஷு வருஷம் மார்கழி இரண்டாம் வாரம். இரண்டாவது, கிறிஸ்துமஸ் அன்று, வியாழக்கிழமை. ஆகவே ‘மறுநாள்’ புதனாகவும் இருக்கலாம், வெள்ளியாகவும் இருக்கலாம். ஜாதகத்தில் எழுதிய கிழமையைப் பாருங்கள், தீர்ந்துவிடும். குடும்பம் மாந்தலேயில் இருந்திருந்தால் கணக்கே வேறு. அந்த ஊர் குண்டுவீச்சில் எரிந்தது 1942 ஏப்ரல் 3 அன்று.

கேள்வி: பாட்டி குடும்பம் இந்தியாவுக்கு நடந்தே போய், போருக்குப் பிறகு திரும்பியது. எந்த வழியாகப் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கண்டுபிடிக்க வழி உண்டா? (வாசகி, தட்டோன்)

உண்டு அம்மா. ஊர்ப் பெயர் மறந்து போனாலும் தண்ணீர், மழை, வண்டி இந்த மூன்றும் நினைவில் நிற்கும். அவற்றை வைத்தே வழியைப் பிரிக்கலாம்.

ரங்கூனுக்குக் கிழக்கே சிட்டாங் ஆற்றுப் பாலத்தை 1942 பிப்ரவரி 23 விடியற்காலையில் பிரிட்டிஷ் படையே வெடிவைத்துத் தகர்த்தது. பின்வாங்கிய சொந்தப் படையில் பெரும்பகுதி அப்போது கிழக்குக் கரையிலேயே மாட்டிக்கொண்டது. அதற்குப் பின் ரங்கூனைக் காப்பாற்ற வழியில்லை. மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை, ஜப்பானியர் நகருக்குள் வந்தார்கள். கப்பல் கிடைத்தவர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். கையில் காசில்லாத கூலி ஜனங்களுக்குக் கால்தான் வாகனம்.

‘மலை தாண்டியதும் கடல், படகு, பிறகு சிட்டகாங்’ என்று பாட்டி சொல்லியிருந்தால் அது டாங்கப்பு வழி. புரோமில் ஐராவதியைக் கடந்து, அரக்கான் மலைத்தொடரில் சுமார் 100 மைல் நடந்து, டாங்கப்பிலிருந்து படகில் அக்யாப் போக வேண்டும். அது கோடைக்காலம், மலையில் தண்ணீர் அரிது. ஆயிரக்கணக்கானோர் ஒரே ஊற்றில் குடித்து, அதன் பக்கத்திலேயே தங்கினார்கள். புரோமிலும் வழியெங்கும் காலரா பரவியது அதனால்தான். ஏப்ரல் தொடக்கத்தில் புரோம் விழுந்ததும் இந்த வழி அடைபட்டது.

‘ஆற்றில் படகு, பிறகு காடு, இம்பால், கடைசியில் டிமாப்பூரில் ரயில் ஏறினோம்’ என்றால் டாமு வழி. மாந்தலே, மொனிவா, சிந்துவின் ஆறு, கலேவா, கபாவ் பள்ளத்தாக்கு, டாமு, பாலேல், இம்பால் என்பது வரிசை. கபாவ் பள்ளத்தாக்கு மலேரியாவுக்குப் பேர்போனது. ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் காய்ச்சலில் இறந்தவர்கள் பலர். இம்பாலில் குண்டு விழுந்ததைப் பாட்டி நேரில் பார்த்திருந்தால் அது மே 10 அல்லது அதை அடுத்த சில நாட்கள்.

‘மழை, சேறு, அட்டை’ என்று சொன்னால் அது ஹூகாவுங் பள்ளத்தாக்கு. வடக்கே உள்ள மிச்சினாவும் மே 8 அன்று விழுந்த பிறகு, மிச்சமிருந்தவர்கள் ஷிங்புயாங் வழியாகப் பாங்சாவ் கணவாய் ஏறி அஸ்ஸாமில் உள்ள லெடோவுக்கு நடந்தார்கள். மே நடுவில் மழை பிடித்துக்கொண்டது. ஆறுகள் பெருகி வழி அறுந்து, ஷிங்புயாங்கிலேயே மாதக்கணக்கில் முடங்கியவர்கள் உண்டு. மூன்றிலும் கொடியது இதுதான்.

எல்லா வழிகளையும் சேர்த்துச் சுமார் 5 லட்சம் இந்தியர் உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள். வழியில் இறந்தவர்களைப் பத்தாயிரம் என்றும் ஐம்பதாயிரத்துக்கு மேல் என்றும் கணிக்கிறார்கள். கணிப்புகள் இவ்வளவு விலகி நிற்பதற்குக் காரணம், காட்டில் விழுந்தவர்களுக்கு யாரும் கணக்கு எழுதவில்லை என்பதே. அதனால் உங்கள் வீட்டில் யார் யார் கிளம்பினார்கள், யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று பெயர் பெயராக எழுதி வையுங்கள். அதைவிட நல்ல பதிவேடு வேறு கிடையாது.

கேள்வி: டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டு ஜப்பான் நோட்டு இருக்கிறது. விலை போகுமா? (வாசகர், மோல்மேன்)

பெரிதாகப் போகாது. பிடித்த நாடுகளில் செலவழிக்க ஜப்பானியர் அளவில்லாமல் அச்சடித்த நோட்டு அது. 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் செல்லாது என்றார்கள். ஒரே நாளில் சேமிப்பு வெறும் காகிதமானது. உங்களிடம் இருப்பது பர்மா நோட்டுதானா என்று பார்க்க, ஆங்கில எழுத்துக் குறியைக் கவனியுங்கள். வரிசை எண் இருக்காது. எழுத்துகள் மட்டும் இருக்கும், அதில் முதல் எழுத்து ‘பி’. ‘எம்’ என்றால் மலாயா டாலர். சில்லறை நோட்டு 1, 5, 10 சென்ட். பிறகு கால், அரை, 1, 5, 10 ரூபாய். 100 ரூபாய் நோட்டு 1944இல்தான் வந்தது. ஆகவே ‘1942இல் கிடைத்த நூறு’ என்று யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். லேமினேட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி: தாத்தா 1942இல் ரங்கூனில் நேதாஜியைப் பார்த்தாராம். உண்மையா? (வாசகர், யாங்கோன்)

பார்த்தது உண்மையாக இருக்கலாம், வருஷம் தவறு. 1942 முழுக்க நேதாஜி ஐரோப்பாவில் இருந்தார். 1943 பிப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் நீர்மூழ்கிக் கப்பல் ஏறி, ஏப்ரலில் மடகாஸ்கர் பக்கம் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலுக்கு மாறி, ஜூலை 2 அன்று சிங்கப்பூர் சேர்ந்தார். அந்த ஆகஸ்டில் பர்மிய அரசின் தலைவர் டாக்டர் பா மா சுதந்திரம் அறிவித்த விழாவுக்கு ரங்கூன் வந்தார். 1944 ஜனவரியில் தலைமையகத்தையே இங்கே மாற்றினார். 1945 ஏப்ரல் 24 அன்று கிளம்பினார். தாத்தா பார்த்தது இந்த இடைவெளியில்தான். 1942 செப்டம்பரில் சிங்கப்பூரில் அமைந்த இந்திய தேசிய ராணுவம் நேதாஜியுடையது அல்ல, கேப்டன் மோகன் சிங்குடையது. டிசம்பரில் அது கலைந்தது.



கேள்வி: பெரியப்பா மரண ரயில் பாதைக்குப் போனவர் திரும்பவில்லை. தன்பியூசயாட் கல்லறையில் பெயர் இருக்குமா? (வாசகி, முடோன்)

இருக்காது அம்மா. இதைச் சொல்வதற்கே மனம் கனக்கிறது. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது, 1943 அக்டோபர் 17 அன்று இரு முனையும் இணைந்தது. அங்கே கல்லும் பெயருமாகப் படுத்திருப்பவர்கள் போர்க் கைதிகள். ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேர் இறந்ததாகக் கணிப்பு. மலாயாவிலிருந்து கொண்டுவந்த நம் தமிழர்கள் அதில் ஏராளம். அவர்களைக் குழியில் போட்டதோடு சரி, பெயர்ப் பட்டியல் இல்லை. திதி கொடுக்க இறந்த நாள் தெரியாவிட்டால், பலரும் செய்வதுபோல் மகாளய அமாவாசையில் கொடுங்கள்.

கேள்வி: சிப்பாயாக இருந்த பாட்டனார் பெயரை ரங்கூனுக்கு வடக்கே உள்ள டாச்சான் போர்க் கல்லறையில் எப்படித் தேடுவது? (வாசகர், பெகு)

கல்லறைக் கற்களில் தேடி அலைந்தால் ஏமாற்றமே மிஞ்சும். தகனம் செய்யப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு அதே வளாகத்தில் தனி நினைவுச் சின்னம் உண்டு. உடல் கிடைக்காத சுமார் 27,000 பேரின் பெயர் நடுவில் உள்ள ரங்கூன் நினைவு மண்டபத் தூண்களில் இருக்கிறது. அங்கே அகர வரிசை கிடையாது: முதலில் படைப்பிரிவு, அதற்குள் பதவி, அதற்குப் பிறகுதான் பெயர். எனவே போவதற்கு முன் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடி, தூண் முகப்பின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முனுசாமி, முனிசாமி, முனியசாமி என்று எழுத்தை மாற்றி மாற்றித் தேட வேண்டும். ஒரே பெயரில் பத்துப் பேர் வந்தால் தகப்பனார் பெயரையும் சொந்த ஊரையும் ஒப்பிடுங்கள். இந்தியச் சிப்பாய்களில் பலருக்கு அவை குறிக்கப்பட்டிருக்கின்றன. ராணுவ எண் உள்ள பழைய பென்ஷன் காகிதம் வீட்டில் இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு தேடுங்கள், பாதி வேலை குறையும்.