கவுன்சிலர் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் எப்படிக் குணமாகும்? மனிதநேய உளச்சிகிச்சை உண்மையில் உதவுமா?

"தங்கச்சி மூன்று தடவை போய்வந்தாள். அந்த மிஸ் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லையாம், தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். கேட்டால் 'மனிதநேய முறை' என்கிறார்களாம். இதற்குப் போய் பஸ் காசை வீணாக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இலங்கையில், மட்டக்களப்பின் களுவாஞ்சிக்குடிப் பக்கம் உளவளத்துணை (கவுன்சிலிங்) வேலை செய்கிறவள். உங்கள் தங்கச்சி சொல்லும் குறையை என்னைப் பற்றிச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நான் இந்த வேலையில் முதலில் விட்ட பிழை அதற்கு நேர் எதிரானது. வாயை மூடத் தெரியாத பிழை.

2004 டிசம்பர் 26இல் சுனாமியாகக் கடல் வந்தபோது நான் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். அடுத்த மாதமே ஒரு வெளிநாட்டு நிறுவனம் பத்து நாள் பயிற்சி தந்து, கையில் ஒரு சான்றிதழையும் தந்து, கல்லடியில் பள்ளிக்கூடமொன்றில் இருந்த முகாமுக்கு எங்களை அனுப்பியது. அங்கே நாவலடியிலிருந்து வந்த ஒரு ஆச்சி. மூன்று பேரப்பிள்ளைகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. பாயில் சுவரைப் பார்த்தபடி இருப்பார். நான் பக்கத்தில் குந்தி, கதைத்தேன், கதைத்தேன். நடந்தது நடந்துபோச்சு, மிச்சமிருக்கிற பிள்ளைகளுக்காக நீங்கள்தான் தைரியமாக இருக்க வேண்டும், மூச்சை இழுத்து விடுங்கள், கடவுள் கைவிட மாட்டார். கடைசியில் ஆச்சி என் கையைத் தட்டி, "புள்ள, நீ சாப்பிட்டயா? போய்ச் சாப்பிடு போ" என்றார். அவர் தேறிவிட்டார் என்று நினைத்துச் சந்தோஷமாக எழும்பி வந்தேன்.

அடுத்த கிழமை எங்கள் பயிற்றுநர் ஒரு வேலை தந்தார். கதைத்ததை ஞாபகத்திலிருந்து வரிக்கு வரி எழுத வேண்டும். இரண்டு பக்கம் வந்தது. அதில் ஆச்சி சொன்னவை ஐந்து வரி. அந்த ஐந்தில் இரண்டு என் சாப்பாட்டைப் பற்றியது!

இந்த மனிதநேய முறைக்கு அடித்தளம் போட்ட அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸும் (1902–1987) இப்படி இடறியவர்தான் என்று பிறகு படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ரொச்செஸ்டர் என்ற ஊரில் அவர் பன்னிரண்டு வருடம் பிள்ளைகளோடு வேலை செய்தார். அப்போது, சொல்வழி கேளாத ஒரு பையனின் தாய் வந்திருக்கிறார். தாய் பிள்ளையை மனதால் ஒதுக்குவதுதான் காரணம் என்று ரொஜர்ஸ் முடிவுகட்டி, அதை அவருக்கு விளங்கப்படுத்த நாட்கணக்காகப் பாடுபட்டார். ஒன்றும் நடக்கவில்லை. இதோடு நிறுத்துவோம் என்று இருவரும் ஒத்துக்கொண்டு, கை குலுக்கி, அந்தத் தாய் கதவடி வரை போய்விட்டார். அங்கே திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று கேட்டார். மறுபடி வந்து கதிரையில் இருந்து தன் கலியாண வாழ்க்கையைக் கொட்டத் தொடங்கினார். அது ரொஜர்ஸ் எழுதிவைத்திருந்த குறிப்பில் இல்லாத கதை. எங்கே நோகிறது என்று தெரிந்தவர் வந்தவர்தான், நானல்ல என்ற எண்ணம் தனக்கு அங்கே விழுந்தது என்கிறார்.

1940இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபின், சிகிச்சைப் பேச்சுகளை ஒலித்தட்டில் பதிவுசெய்து மாணவர்களோடு கேட்டார். அக்காலத்தில் உளச்சிகிச்சை அறைக்குள் நடப்பதை வெளியே பெரும்பாலும் யாரும் கேட்டதில்லை. 1942இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரே ஆளுடைய எட்டுச் சந்திப்புகள் சொல்லுக்குச் சொல் அச்சாகியிருக்கின்றன. எனக்கு இரண்டு பக்கக் கொப்பி செய்ததை அவருக்கு அந்தத் தட்டுகள் செய்திருக்கும் என்பது என் ஊகம்.

ஒரு சின்ன விலகல். ஈழத்தில் கவுன்சிலிங்குக்கு ஆற்றுப்படுத்தல் என்றும் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். ஆற்றுப்படை என்றால் பரிசு பெற்ற பாணன் இன்னொரு பாணனுக்கு, இந்த வழியால் போ, இன்ன வள்ளல் இருப்பார் என்று வழி சொல்வது. ரொஜர்ஸின் முறைக்கு இதைவிடப் பொருந்தாத பெயர் கிடையாது. இவர் வழியே சொல்ல மாட்டார். ஆனால் 'ஆற்றுதல்' என்று எடுத்தால், சூட்டை ஆற்றுவது, புண் ஆறுவது, அது சரியாக வந்து உட்காருகிறது. உங்கள் தங்கச்சி முதல் பொருளை எதிர்பார்த்துப் போயிருக்கிறார். மிஸ் இரண்டாவதைச் செய்துகொண்டிருந்திருக்கலாம்.

எப்படி உதவுகிறது என்பதற்கு ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து, மண்டூரில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறிக் குருமண்வெளியில் இறங்கி வருவார். குவைத்தில் ஏழு வருடம் வீட்டு வேலை செய்து திரும்பியவர். இரண்டு வருடமாகத் தலையிடி. ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தும் ஒன்றுமில்லை என்றுதான் எங்களிடம் அனுப்பினார்கள். கிழமைக் கிழமை வாசலில் வந்து நிற்கும் லோன்காரர், வீட்டை ஈடு வைக்கச் சொல்லும் புருஷன். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளையின் பேரில்தான் இருக்கும், தெரியும்தானே. வீட்டு உறுதிப் பத்திரம் அவருடைய பேரில். அம்மா பொறுத்துப் போ என்கிறார், அண்ணன் கையெழுத்து வைக்காதே என்கிறார், கோயிலில் கட்டுச் சொன்னவர் (குறி சொல்கிறவர்) செய்வினை என்கிறார்.

முதல் இரண்டு நாளும் அவர் கேட்டது ஒன்றுதான். "நீங்க படிச்ச ஆள் மிஸ். சொல்லுங்க, நான் என்ன செய்யிற?"

"அம்மா ஒண்டு சொல்றா, அண்ணன் ஒண்டு சொல்றார். நானும் ஒண்டு சொன்னா அதையும் சேத்துத் தூக்கிக்கிட்டுத்தான் பாதையில ஏறுவீங்க போல" என்றேன். அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தார்.

மூன்றாம் நாள் நான் கவனித்ததைச் சொன்னேன். "வீட்டப் பத்திக் கதைக்கக்குள்ள கோவம் வருது. சின்னவளப் பத்தி வந்தா குரல் இறங்கிப் போகுது." நெடுநேரம் பேச்சில்லை. முன்பென்றால் அந்த இடைவெளிக்குள் நான் பத்துப் புத்திமதி இறக்கியிருப்பேன். பிறகு சொன்னார், "நான் வந்து இறங்கின அண்டைக்கு அவள் என்ன மாமி எண்டு கூப்பிட்டவள், மிஸ்."

"பெத்த வயித்துக்கு அது..." என்று தொடங்கிய நான் சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன். "எரிஞ்சிது" என்று அவரே முடித்தார். எல்லாரும் கடனைப் பற்றி மட்டும் கதைத்ததால், இதைச் சொல்ல இரண்டு வருடமாக அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

ரொஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில், ஆள் மாறுவதற்குச் சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்க வேண்டியவை என்று மூன்றைச் சொல்கிறார். ஒத்துணர்வு, நிபந்தனையில்லாத ஏற்பு, உள்ளொன்று புறமொன்றில்லாமல் இருத்தல். வகுப்பில் இதைப் பாடமாக்க அரைமணி போதும். அறையில்தான் கதை வேறு. ஒத்துணர்வு என்றால் 'ஐயோ பாவம்' அல்ல. அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்து, பார்த்தது சரியா என்று அவரிடமே கேட்பது. ஏற்பு இதைவிடக் கஷ்டம். பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்பக் குவைத்துக்கே போனால் என்ன, அங்கே எனக்கொரு மதிப்பு இருந்தது என்று ஒருநாள் சொன்னார். நானும் ஒரு தாய். என் முகம் ஒரு கணம் சுருங்கியிருந்தால் அந்தக் கதவு அன்றோடு சாத்தப்பட்டிருக்கும்.

மூன்றாவதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அந்த மனிதனை விட்டுவிட்டு வா என்று எனக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை மோந்துவிட்டார். "நான் அவர விட்டுட்டு வரணும் எண்டுதானே நீங்க நினைக்கிறீங்க?" என்று நேராகவே கேட்டார். இல்லை என்று சொல்லியிருந்தால் பொய். "ஓம், அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்தது. அது என்ட நினைப்பு. உங்களுக்கு அது சரியா எண்டு எனக்குத் தெரியா" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் என்னோடு சண்டை பிடிக்கவும் தொடங்கினார், அது நல்லதுக்குத்தான்.

பதினொரு சந்திப்பு. அவர் புருஷனை விடவில்லை. கையெழுத்தும் வைக்கவில்லை. உறுதியை அக்காவிடம் கொடுத்து வைத்தார், லோன்காரரோடு தானே பேசித் தவணையை இழுத்தார். சின்னவளைத் தினமும் தானே பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடத் தொடங்கினார். தலையிடி முழுக்கப் போகவில்லை, மாதத்தில் ஒன்றிரண்டு நாள் என்று குறைந்தது. இதில் ஒன்றும் என் யோசனை இல்லை. ரொஜர்ஸ் பண்ணையில் வளர்ந்தவர். நிலவறையில் குவித்த உருளைக்கிழங்கு, உயரத்தில் இருக்கும் சின்ன யன்னலின் வெளிச்சத்தை நோக்கி வெளிறிய முளைகளை நீட்டியதைச் சின்ன வயதில் கண்டதாக எழுதியிருக்கிறார். மனிதரும் அப்படித்தான் வெளிச்சம் தேடுவார்கள் என்பது அவர் நம்பிக்கை. அதை நான் முழுக்க நம்புவதில்லை, சில நிலவறைகளுக்கு யன்னலே இல்லை. ஆனால் அந்தப் பெண் விஷயத்தில் நம்பினேன்.

இது வெள்ளைக்காரர் முறை, நமக்குச் சரிவராது என்று சொல்கிறவர்களுக்கு நான் வைகாசிச் சடங்கைக் காட்டுவேன். கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்த நாளிலிருந்து வழக்குரை, அதாவது கண்ணகியின் கதை, பாடுகிறோம். அவளுக்கு நடந்த அநியாயம், அவள் கோபம், மதுரை எரிந்தது, எல்லாம் பாடி முடிந்த பிறகுதான் அவளைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு. "பொறுத்துப் போ தாயே" என்று முதல் நாளே யாரும் தண்ணீர் தெளிப்பதில்லை. வழக்கை முழுசாகக் கேட்காமல் குளிர்த்தி வைக்க முடியாது என்று நம் ஆட்களுக்குத் தெரியும். வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் ஏன் அதைச் செய்யமாட்டேன் என்கிறோம் என்பது வேறு கதை.

மனிதநேயச் சிகிச்சைகளில் ஒன்றான கெஸ்டால்ட் சிகிச்சையில் வெற்றுக் கதிரை என்று ஓர் உத்தி உண்டு. பிரிட்ஸ் பேர்ல்ஸ் என்ற சிகிச்சையாளர் பரப்பியது. எதிரே காலிக் கதிரையை வைத்து, மனதில் இருக்கும் ஆள் அதில் இருப்பதாக நினைத்துப் பேச வேண்டும். மகன் காணாமல் போன ஒரு தாயிடம் நான் அதைச் செய்து பார்த்தேன். கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதில இருத்திக் கதைச்சா அவன் செத்துட்டான் எண்டெல்லா ஆகும்" என்று எழும்பிவிட்டார். மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து காணாமல் போனவர்களின் வீட்டாரிடம் நான் அந்தக் கதிரையை எடுப்பதில்லை.

இதே மனிதநேய வழியில் வந்த உளவியலாளர் மாஸ்லோவின் தேவைப் படிநிலையையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை முக்கோணமாக வரைந்தது அவரல்ல, பின்னால் வந்தவர்கள். சோறு, கூரை, அதற்குப் பிறகுதான் அன்பு என்று அந்தப் படம் சொல்லும். முகாமில் சோற்றுப் பொதியைத் தொடாமல் பிள்ளையின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். இந்த வரிசை எல்லாருக்கும் மாறாததல்ல என்று மாஸ்லோவே 1943இல் எழுதியிருக்கிறார். படம் பரவிய அளவுக்கு அது பரவவில்லை.

வேலை செய்கிறதா என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் மனச்சோர்வுள்ள 510 பேரை வைத்துச் செய்த ஒப்பீடு 2021இல் வந்தது. ஆறு மாதத்தில் ரொஜர்ஸ் வழி வந்த சிகிச்சை, இன்று அதிகம் பேசப்படும் சிந்தனை நடத்தைச் சிகிச்சைக்கு (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் முறை, CBT) சளைத்ததாக இல்லை. ஒரு வருடத்தில் பார்த்தால் மற்றதுதான் கொஞ்சம் முந்தி நின்றது. விஸ்கொன்சினில் மனப்பிளவு நோய் உள்ளவர்களிடம் ரொஜர்ஸே இதை முயன்றபோது அவர் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஆகவே ஒருவருக்கு இல்லாத குரல் கேட்கிறது, நித்திரையே இல்லை, சாவைப் பற்றிக் கதைக்கிறார் என்றால் என்னைப் போன்றவர் அறைக்குள் மட்டும் வைத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். இரவு நேரமென்றால் 1926க்கு அழைக்கலாம், இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம்.

இனி உங்கள் தங்கச்சி. மேலே சொன்ன அறிகுறி எதுவும் இல்லையென்றால் நாலாவது தடவையும் போகச் சொல்லுங்கள். உங்களிடம் சொன்ன குறையை அப்படியே அந்த மிஸ்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள்: "நீங்க ஒண்டும் சொல்லாம இரிக்கிறது எனக்கு எரிச்சலா இரிக்கு." மிஸ் முகம் சுளித்தாலோ, இதுதான் முறை என்று வகுப்பெடுத்தாலோ, வேறு ஆளைப் பாருங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் யாரென்று கேட்டால் சொல்வார்கள், காசு கட்டத் தேவையில்லை. மாறாக அந்த எரிச்சலைப் பற்றி அவர் இன்னும் கேட்டால், பஸ் காசைக் கொடுத்து ஐந்தாவது தடவைக்கும் அனுப்புங்கள். வீட்டுக்கு வந்ததும் என்ன கதைத்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.