ஆக்சிலேட்டர் முறுக்கினால் வண்டி யோசிக்கிறதா? கார்புரேட்டரை மாற்ற அவசரப்படாதீர்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது 2009 மாடல் ஸ்பிளெண்டர் ப்ளஸ். சில மாதங்களாக ஆக்சிலேட்டரை முறுக்கியதும் வண்டி ஒரு நொடி அடைத்துக்கொண்டு, பிறகுதான் வேகமெடுக்கிறது. கார்புரேட்டர் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவதுதான் கார்புரேட்டரின் வேலை. அது என்ன பல்பா, திடீரென்று ஃபியூஸ் போக? அதில் அழுக்கு சேரும், அடைப்பு வரும், யாராவது ஸ்க்ரூவைத் திருகிக் கெடுத்திருப்பார்கள். எல்லாமே சரிசெய்யக்கூடியவை. புதிது போட்டால் மெக்கானிக்குக்கு வேலை சீக்கிரம் முடியும், பொருளிலும் லாபம் நிற்கும்; கழற்றிச் சுத்தம் செய்தால் கை கறுப்பாவதுதான் மிச்சம். அதனால்தான் அந்த யோசனை முதலில் வருகிறது.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது ஆக்சிலேட்டர் கேபிளை. இன்ஜினை அணைத்துவிட்டு, ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுக்க ஒடித்து ஆக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள். வலப்பக்கமும் அப்படியே. விட்டதும் ‘டக்’கென்று தானாகத் திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் கேபிளுக்குள் துரு, அல்லது கம்பி இழை பிரிந்திருக்கிறது. முறுக்கும்போது 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை சும்மா சுற்றலாம். அதற்கு மேல் லூசாக இருந்தால், உங்கள் கை திரும்பியும் கார்புரேட்டருக்குள் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடு எழும்பவில்லை என்று அர்த்தம். அட்ஜஸ்டரைத் திருகினால் தீர்ந்தது. அதன்பின் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இருபக்கமும் ஒடியுங்கள். சத்தம் தானாக ஏறினால் கேபிள் இறுக்கம் அதிகம், அப்படியே ரோட்டில் இறங்காதீர்கள்.

கேபிளில் குறை இல்லையென்றால், காற்றைக் குறைக்கும் சோக் மீதியைச் சொல்லிவிடும். வண்டியை நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிவிட்டு, நியூட்ரலில் சோக்கைப் பாதி போட்டு முறுக்குங்கள். வண்டி அடைப்பது குறைந்தால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை. இன்னும் மோசமானால் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

உங்கள் வண்டிக்குப் பெட்ரோல்தான் போதவில்லை என்பது என் ஊகம். இந்தத் தொல்லை தொடங்கும் முன்பு யாரிடமாவது ‘மைலேஜ் செட்டிங்’ செய்தீர்களா? “லிட்டருக்கு 80 வரும் சார்” என்று சொல்லி ஸ்க்ரூவைத் திருகுவார்களே, அதுதான். ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கும்போது காற்று முதலில் பாய்கிறது, பெட்ரோல் கொஞ்சம் பின்தங்கித்தான் வருகிறது. ஏற்கெனவே பெட்ரோலைக் குறைத்து வைத்திருந்தால் அந்த இடைவெளியில் எரிய ஒன்றுமில்லை. வண்டி அடைக்கிறது, நீங்கள் இன்னும் முறுக்குகிறீர்கள், இன்ஜின் சூடேறுகிறது, சொன்ன மைலேஜும் வருவதில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: முனை வெளிர் பழுப்பாக இருந்தால் கலவை சரி, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தால் மைலேஜ் செட்டிங்கின் கைவரிசை. ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகுவது என்று இங்கே எழுதமாட்டேன். சில கார்புரேட்டரில் அது காற்றைக் கட்டுப்படுத்தும், சிலவற்றில் பெட்ரோலை. திசை நேர் எதிர். கம்பெனி அளவுக்கே திரும்ப வைத்துத் தரச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இதில் அரசாங்கத்தின் பங்கும் உண்டு. இப்போது பெட்ரோல் பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) வழியாக அதே அளவு போனாலும், பெட்ரோல் குறைந்ததுபோல் கலவை மெலிந்துவிடும். புதிய புகை விதிப்படி வந்த, சென்சார் வைத்த பி.எஸ்-6 வண்டி அதைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். உங்கள் ஜெட்டில் இருப்பது 2009இல் போட்ட துளை. கலக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய வண்டிக்காரனுக்கென்று பங்கில் ஒரு குழாயை விட்டுவைத்திருக்கக் கூடாதா? கலந்ததற்காக விலையையாவது குறைத்தார்களா? எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால், கார்புரேட்டரின் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

அடுத்து, ஆக்சிலேட்டர் குறைவாக இருக்கும்போது பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட். மயிரிழைத் துளை அது. பழைய பெட்ரோல் பிசின்போல் படிந்து அடைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஏர் பிடித்தால் திறந்துவிடும். உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். கிளட்ச் கேபிள் இழையை உருவி உள்ளே குத்துபவரைப் பார்த்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். துளை பெரிதானால் அந்த ஜெட் வீண். மாட்டும்போது, கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்து ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் ஒரு விதிவிலக்கு. வண்டி ‘அடைக்கிறது’ என்கிறீர்களே, இன்ஜின் அடைக்கிறதா, இல்லை இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி நகராமல் இருக்கிறதா? இரண்டும் வேறு. இரண்டாவது என்றால் கிளட்ச் வழுக்குகிறது, கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம். டாப் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சட்டென்று முறுக்கிப் பாருங்கள். சத்தம் விர்ரென்று எகிறி வேகம் மெதுவாக ஏறினால் அதேதான். ஆனால் உடனே பிளேட் செட் மாற்றிவிடாதீர்கள். கிளட்ச் லீவரின் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் லூஸ் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கிளட்ச் எப்போதும் பாதி பிடித்தபடியே ஓடுகிறது. அதுவும் சரியென்றால் கடைசியாக ஊற்றிய ஆயில் என்ன என்று கேளுங்கள். பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. வழவழப்புக் கூட்டிய கார் ஆயிலை ஊற்றினால் வழுக்கத்தான் செய்யும். டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ’ (JASO MA, பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்ற குறி) என்று இருக்கிறதா பார்த்து, சரியான ஆயில் ஊற்றி, சில நாள் ஓட்டிப் பாருங்கள். அதன்பிறகும் வழுக்கினால் பிளேட் மாற்றலாம்.

ஸ்லைடு தேய்ந்து ஆடினாலோ, பாடியில் விரிசல் இருந்தாலோ, ஸ்க்ரூ மரை போயிருந்தாலோ மட்டும் புது கார்புரேட்டர். கம்பெனி பெட்டியும் அதில் விலை ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். கழற்றியதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். விட்டு வந்தால் அதையே பெட்ரோலில் கழுவி, அடுத்த ஸ்பிளெண்டர்காரர் தலையில் கட்டிவிடுவார்கள்.