முதலில் கண்ணாடி

கேள்வி: எனக்கு வயது 43. நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுகிறோம். சென்ற மாதம் ‘டேட்ரிப்பர்’ என்ற பிரேசில் நாட்டுச் சித்திர நாவலைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினோம்; பலர் கண்கலங்கினார்கள். அன்றிலிருந்து, என்னோடு இருக்கும் 74 வயது அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் மனம் என்னவோ செய்கிறது. மரணத்தைப் பற்றி அவரோடு மனம்விட்டுப் பேச ஆசை. இந்த நாவலை வைத்துத் தொடங்கலாமா? மனைவி அபசகுனம் என்கிறாள். கண்ணாடி உடைந்து மூன்று மாதமாவதால் அப்பாவால் படிக்க முடியாது. நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.
- வாசகர், கோவை

பதில்: மூன்று மாதமா?

உங்கள் கடிதத்தில் அந்த வரிக்கு மேல் எனக்கு எதுவும் ஓடவில்லை, தம்பி. பவர் பார்த்து லென்ஸ் போட்டுத் தர எத்தனை நாள் ஆகும்? ஒரு வாரம் என்றே வைத்துக்கொள்வோம். இந்த மூன்று மாதத்தில் உங்கள் கூட்டம் மட்டும் தவறாமல் நடந்திருக்கிறது.

“அவர் கேட்கவே இல்லையே” என்பீர்கள். கேட்க மாட்டார். மகன் வீட்டில் இருக்கும் அப்பாக்கள் செலவு வைக்கும் எதையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கண்ணாடியின் ஒடிந்த காலில் நூல் சுற்றிக் காதில் மாட்டிப் பார்த்திருப்பார். பேப்பரைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்திருப்பார். அப்புறம் மடித்து வைத்துவிட்டு டிவி பக்கம் திரும்பியிருப்பார். அப்பாவுக்கு இப்போதெல்லாம் டிவியே கதி என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

அந்த நாவல் எனக்கும் பிடிக்கும். ஃபாபியோ மூன், காப்ரியேல் பா என்ற இரட்டையர்கள் படைத்தது; 2011இல், சித்திரக்கதைகளுக்கான ஐஸ்னர் விருது பெற்றது. கதாநாயகன் பிராஸ் முதல் அத்தியாயத்தின் முடிவில் 32 வயதில் சாகிறான். அடுத்த அத்தியாயத்தில் 21 வயதில் சாகிறான். பட்டம் விடும் 11 வயதில் ஒருமுறை. 41 வயதில், மகன் பிறந்து அப்பா போன அதே நாளில் ஒருமுறை. உங்கள் கூட்டத்தில் இதைத்தான் பேசியிருப்பீர்கள், எல்லாருக்கும் அந்தச் சாவுகள்தான் கண்ணில் படும். எனக்குத் தைத்தது வேறு. முதல் அத்தியாயத்தில், பெரிய எழுத்தாளரான அப்பாவின் பாராட்டு விழாவும் மகனின் பிறந்தநாளும் ஒரே நாளில் வருகின்றன. அப்பாவுக்குத் தன் பிறந்தநாள் நினைவிருக்கிறதா என்று மகன் உள்ளுக்குள் புழுங்குகிறான். உங்கள் வீட்டில் ஆள்தான் மாறியிருக்கிறது. மறந்தவர் மகன்.

பிராஸுக்கு என்ன வேலை, ஞாபகமிருக்கிறதா? பத்திரிகையில் இறந்தவர்களைப் பற்றிக் குறிப்பு எழுதுவது. உங்கள் அப்பா வயதுக்காரர்களில் பலர் காலையில் பேப்பரைப் பிரித்ததும் முதலில் தேடுவதே ‘காலமானார்’ பகுதியைத்தான். பொடி எழுத்தில் பெயர், ஊர், வயது. ‘நம்மைவிட இரண்டு வயது இளையவர்’ என்று முணுமுணுத்துவிட்டுக் காபியைக் குடிப்பார்கள். அப்படிப்பட்டவரிடம் மரணத்தைப் பற்றிப் பேச்செடுக்க நீங்கள் வழி தேடுகிறீர்கள்! அவர் தினமும் அதோடு பேசிக்கொண்டுதான் இருந்திருப்பார். மூன்று மாதமாகக் கண்ணாடி இல்லாமல் அது நின்றுபோயிருக்கிறது.

மனைவி சொல்லும் அபசகுனத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெற்றவரை வாய்விட்டுக் கேட்க வைக்காமல் பார்த்துக்கொள்வது பிள்ளையின் கடமை என்பதில் நம்பிக்கை உண்டு. பழைய பஞ்சாங்கம் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள்.

படித்துக் காட்டும் யோசனையும் வேண்டாம். வசனமே இல்லாத கட்டங்களில் எதைப் படித்துக் காட்டுவீர்கள்? கண்ணாடி வந்த பிறகு புத்தகத்தை மேஜைமேல் வையுங்கள். எடுத்தால் எடுக்கட்டும்.

வரும் சனிக்கிழமை கூட்டம் இருந்தால் போகாதீர்கள். அப்பாவைக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நேராகக் கடைக்குப் போய்விட வேண்டாம். இந்த வயதில் கண்புரை இருக்கலாம், கண் அழுத்தமும் பார்க்க வேண்டும். சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்வார்கள். அரை மணி நேரமாவது ஆகும். போனைப் பையில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பேச வேண்டும் என்றீர்களே, அங்கே பேசலாம். பேசாமலும் இருக்கலாம். ஃபிரேமை மட்டும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். இன்னொரு நாள் போனால் விலையைப் பார்த்து இருப்பதிலேயே மலிவானதைத்தான் எடுப்பார். சொட்டு மருந்து விட்ட கண்ணுக்கு விலைச்சீட்டு தெரியாது.