கிளவுட் அடித்தளம் போடுமுன்: கேள்வி பதில்

அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். கிளவுடில் நிறுவன அளவில் கட்டமைப்பு போடுபவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: சார், எங்களிடம் 40 டெவலப்பர்கள், ஒரே அக்கவுன்ட். டெவ் (உருவாக்கும் இடம்), புரொடக்‌ஷன் (வாடிக்கையாளர் பயன்படுத்துவது) இரண்டையும் தனித்தனி வி.பி.சி.யில் (கிளவுடுக்குள் ஒரு தனி நெட்வொர்க்) வைத்திருக்கிறோம். போதாதா?

போதாது. வி.பி.சி. பிரிப்பது நெட்வொர்க்கை மட்டும். அனுமதி, சேவை வரம்பு, பில் மூன்றும் அக்கவுன்ட் எல்லையில்தான் பிரியும். லாம்டாவை (சர்வர் வைக்காமல் நிரலை ஓட்டும் சேவை) எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரே நேரத்தில் ஓடும் எண்ணிக்கைக்கு ஒரு ரீஜனில் (தரவு மையங்கள் உள்ள பகுதி) ஒரு அக்கவுன்ட்டுக்குப் பொதுவாக 1000தான் வரம்பு. டெவ் பக்கம் யாரோ லோடு டெஸ்ட் ஓட்டி அதைத் தீர்த்துவிட்டால், வாடிக்கையாளரின் கோரிக்கை திருப்பி அனுப்பப்படும்.

உங்கள் அளவுக்கு எட்டு அக்கவுன்ட் போதும்: மேனேஜ்மென்ட் (மற்ற அக்கவுன்ட்களை நிர்வகிப்பது), லாக் (பதிவுகள்), செக்யூரிட்டி, நெட்வொர்க், டெவ், ஸ்டேஜிங், புரொடக்‌ஷன், சாண்ட்பாக்ஸ். ஒவ்வொன்றுக்கும் குழு மின்னஞ்சல் முகவரி கொடுங்கள். தனி ஒருவரின் முகவரியைக் கொடுத்தால், அவர் வேலையை விட்டுப் போனபின் ரூட் (அக்கவுன்ட்டின் முழு அதிகாரப் பயனர்) கடவுச்சொல்லை மாற்றவே பெரும்பாடு.

கேள்வி: அப்படியானால் இப்போதுள்ள அக்கவுன்ட்டையே மேனேஜ்மென்ட் ஆக்கிவிடலாமா?

வேண்டவே வேண்டாம். எஸ்.சி.பி. (அக்கவுன்ட்டில் எதுவரை செய்யலாம் என்ற விதி) கட்டுப்பாடுகள் மேனேஜ்மென்ட் அக்கவுன்ட்டைக் கட்டுப்படுத்தாது. உங்கள் புரொடக்‌ஷன் அங்கே ஓடினால், மிக முக்கியமான இடத்துக்கு மட்டும் வேலி இல்லை என்றாகிவிடும். புதிதாகக் காலி அக்கவுன்ட் திறந்து அதில் ஆர்கனைசேஷனை (எல்லா அக்கவுன்ட்டையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவரும் அமைப்பு) உருவாக்குங்கள். பழையதை உறுப்பினராக அழைத்து, அதுவே புரொடக்‌ஷனாக இருக்கட்டும். டெவ்வைத்தான் வெளியே நகர்த்த வேண்டும், சேதம் குறைவு. சேர்வதற்கு முன் பழைய செலவு அறிக்கைகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓ.யூ.க்களைத் துறைவாரியாகப் பிரிக்கலாமா?

ஓ.யூ. என்பது ஆர்கனைசேஷனுக்குள் ஒரே விதிக்கு உட்பட்ட அக்கவுன்ட்களின் கூடை. துறைகள் மாறிக்கொண்டே இருக்கும், விதிகள் அவ்வளவு மாறாது. செக்யூரிட்டி, இன்ஃப்ரா, வொர்க்லோட், சாண்ட்பாக்ஸ் என்று நான்கு. வொர்க்லோடுக்குள் புரொடக்‌ஷன், மற்றவை என இரண்டு. ஐந்து அடுக்குவரை போகலாம் என்பதற்காகப் போக வேண்டாம்.

கேள்வி: மும்பை, ஹைதராபாத் தவிர மற்ற ரீஜன்களை எஸ்.சி.பி.யில் தடுத்தோம். ஐ.ஏ.எம். (பயனர் அனுமதிச் சேவை), கிளவுட்ஃப்ரண்ட் (இணைய உள்ளடக்கத்தை உலகெங்கும் வேகமாகக் கொடுக்கும் சேவை) மாற்றங்கள் எல்லாம் ‘அனுமதி மறுப்பு’ என்று வருகின்றன. ஏன்?

இவை உலகளாவிய சேவைகள். நீங்கள் எங்கிருந்து அழைத்தாலும் கோரிக்கை வட வர்ஜீனியா ரீஜனுக்குப் போனதாகவே பதிவாகும். உங்கள் விதி ‘எல்லா ஆக்‌ஷனையும் மறு’ என்று எழுதப்பட்டிருக்கும். அதை ‘நாட் ஆக்‌ஷன்’ (பட்டியலில் உள்ளவை தவிர மற்றதை மறுப்பது) வடிவத்துக்கு மாற்றி, ஐ.ஏ.எம்., ஆர்கனைசேஷன்ஸ், ரூட் 53 (டொமைன் பெயர்ச் சேவை), கிளவுட்ஃப்ரண்ட், சப்போர்ட் ஆகியவற்றுக்கு விலக்கு கொடுங்கள். கிளவுட்ஃப்ரண்டுக்கான ஏ.சி.எம். சேவையின் பாதுகாப்புச் சான்றிதழும் வாஃப் (இணையத் தாக்குதல் தடுப்பு) விதிகளும் வட வர்ஜீனியாவில்தான் இருந்தாக வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

எந்த எஸ்.சி.பி.யையும் முதலில் சாண்ட்பாக்ஸில் ஒட்டி, கிளவுட்டிரெயிலில் (யார் என்ன செய்தார்கள் என்ற பதிவு) எவையெல்லாம் மறுக்கப்படுகின்றன என்று ஒரு வாரமாவது பாருங்கள். இன்னொன்று: எஸ்.சி.பி. யாருக்கும் உரிமை தராது, உச்சவரம்பை மட்டுமே வகுக்கும். அதனால் இயல்பாக ஒட்டியிருக்கும் முழு அனுமதி பாலிசியை, வேறு அனுமதி எதுவும் வைக்காமல் கழற்றினால், அதன் கீழுள்ள அக்கவுன்ட் எல்லாம் அப்படியே முடங்கும்.

கேள்வி: எல்லா வி.பி.சி.க்கும் 10.0.0.0/16 என்ற ஒரே முகவரித் தொகுதியைக் கொடுத்துவிட்டோம். பியரிங் (இரண்டு வி.பி.சி.யை நேரடியாக இணைப்பது) போட முடியவில்லை. இரண்டாவது முகவரித் தொகுதி சேர்த்தால் சரியாகுமா?

ஆகாது. ஒரு தொகுதி மோதினாலே பியரிங் மறுக்கப்படும், மோதாத தொகுதியை மட்டும் பயன்படுத்துவோம் என்றாலும். முதன்மைத் தொகுதியை மாற்றவும் வழியில்லை. ஒன்றிரண்டு சேவைகள்தான் பேச வேண்டும் என்றால் பிரைவேட்லிங்க் (ஒரு சேவைக்கு மட்டுமான தனி இணைப்பு) போதும். இல்லையென்றால் புது வி.பி.சி. கட்டி மாறுவதுதான். இந்த வேலையின் கனத்தை நினைத்தாவது முகவரித் திட்டத்தை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

நான் பரிந்துரைக்கும் கணக்கு இது (சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் சிறிதாகச் சிறிதாகத் தொகுதி பெரிதாகும்). மும்பைக்கு 10.64.0.0/12, ஹைதராபாத்துக்கு 10.80.0.0/12. இரண்டும் 10.64.0.0/11 என்ற ஒரே வரியில் அடங்குவதால் அலுவலக ரூட்டரில் ஒரு பாதை போதும். ஒவ்வொரு ரீஜனிலும் 256 வி.பி.சி.க்கு ஆளுக்கு ஒரு /20, அதாவது 4096 முகவரிகள். அதற்குள் மூன்று ஏ.இசட்.டுக்கும் (ரீஜனுக்குள் தனித்தனி தரவு மையத் தொகுதிகள்) ஒவ்வொரு /22 பிரைவேட் சப்நெட் (வி.பி.சி.யின் உட்பகுதி). மிஞ்சும் ஒரு /22வை நான்கு /24 ஆக்கி, மூன்றை லோட் பேலன்சர் இருக்கும் பப்ளிக் சப்நெட்டுக்குக் கொடுங்கள். நான்காவதிலிருந்து மூன்று /28 வெட்டி டிரான்சிட் கேட்வேக்கு (வி.பி.சி.க்களை இணைக்கும் மையம்) வையுங்கள். ஒவ்வொரு சப்நெட்டிலும் ஏ.டபிள்யூ.எஸ். ஐந்து முகவரிகளைத் தனக்கென வைத்துக்கொள்ளும் என்பதால் /28ல் 11தான் தேறும்.

ஈ.கே.எஸ். (கன்டெய்னர்களை ஓட்டும் குபெர்னெட்டிஸ் சேவை) ஓட்டுபவர்கள் கவனம்: இயல்பான அமைப்பில் ஒவ்வொரு பாடும் (கன்டெய்னர்கள் ஓடும் அலகு) வி.பி.சி. முகவரி ஒன்றை எடுத்துக்கொள்ளும், /22 சீக்கிரமே தீர்ந்துவிடும். பாடுகளுக்கு 100.64.0.0/10லிருந்து இரண்டாவது தொகுதி சேருங்கள். 172.17.0.0/16 பக்கம் போகாதீர்கள், கன்டெய்னர் மென்பொருளான டாக்கரின் இயல்பு நெட்வொர்க் அது.

கேள்வி: கிளவுட்டிரெயில் தானாகவே 90 நாள் வைத்திருக்கிறதே, லாக் அக்கவுன்ட் எதற்கு?

அந்த 90 நாளில் இருப்பவை மேலாண்மை நிகழ்வுகள் மட்டும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, லாக்குகளை 180 நாள் இந்திய எல்லைக்குள் வைத்திருக்கச் சொல்கிறது. பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். லாக் சிதறிக் கிடந்தால் அந்த 6 மணி நேரம் தேடுவதிலேயே போய்விடும்.

ஆர்கனைசேஷன் டிரெயில் (எல்லா அக்கவுன்ட்டின் கிளவுட்டிரெயில் பதிவும் சேர்ந்தது) ஒன்றை, லாக் அக்கவுன்ட்டில் மும்பை பக்கெட்டுக்கு (கோப்புச் சேமிப்பிடம்) அனுப்புங்கள். ஆப்ஜெக்ட் லாக்கை (கெடுவரை கோப்பை அழிக்கவிடாத பூட்டு) முதலில் கவர்னன்ஸ் முறையில் (சிறப்பு அனுமதி உள்ளவர் நீக்கலாம்) சோதித்துவிட்டு காம்ப்ளயன்ஸ் முறைக்கு மாறுங்கள். அதன்பின் கெடு முடியும்வரை ரூட் பயனராலும் அழிக்க முடியாது. கெடுவைத் தவறாக 10 ஆண்டு என்று போட்டால் 10 ஆண்டும் பணம் கட்ட வேண்டியதுதான்.

கேள்வி: டேக் (ஒவ்வொன்றின் மேலும் ஒட்டும் அடையாளப் பெயர்) போட்டும் செலவு பிரிந்து வரவில்லையே?

மேனேஜ்மென்ட் அக்கவுன்ட்டின் பில்லிங் பக்கத்தில் அந்த டேக்கைச் செயல்படுத்தினீர்களா? அது தனி வேலை. ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினால் இரண்டு வெவ்வேறு டேக் என்றே கணக்காகும். பட்ஜெட் எச்சரிக்கை செலவை நிறுத்தாது, அறிவிப்பு மட்டுமே அனுப்பும். நிறுத்த வேண்டுமானால் அதற்கென நடவடிக்கையைத் தனியாக அமைக்க வேண்டும்.

கேள்வி: ஐடென்டிட்டி சென்டர் (எல்லா அக்கவுன்ட்டுக்கும் ஒரே இடத்தில் நுழையும் சேவை) வழி லாகின் வேலை செய்யாமல் போனால்?

மேனேஜ்மென்ட் அக்கவுன்ட்டில் இரண்டு அவசரகாலப் பயனர்களை வைத்திருங்கள். ஒவ்வொருவருக்கும் வன்பொருள் எம்.எஃப்.ஏ. (கடவுச்சொல்லோடு கூடுதல் சரிபார்ப்பு) சாவி, இரண்டும் வெவ்வேறு ஆட்களிடம், வெவ்வேறு கட்டடத்தில். யாராவது அதில் நுழைந்தால் உடனே எச்சரிக்கை வர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உண்மையாகவே நுழைந்து பாருங்கள். உறுப்பினர் அக்கவுன்ட்களின் ரூட் கடவுச்சொல்லை 2024 நவம்பர் முதல் மையமாகவே நீக்கிவிடலாம். மேனேஜ்மென்ட்டின் ரூட் ஒன்றை மட்டும் பூட்டிப் பத்திரப்படுத்தினால் போதும்.