நன்னடத்தை அலுவலர் பேசுகிற விதம், வழக்கில் சிக்கிய பெண் வேலை தேடுவதைப் பாதிக்குமா?

பாதிக்கும். நான் ஒரே நன்னடத்தைப் பத்திரக் காலத்தில் இரண்டு அலுவலர்களைப் பார்த்தவள்.

குழாயடிச் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரம்மாவின் மண்டையைக் குடத்தால் உடைத்துவிட்டேன். முதல் குற்றம் என்பதால், 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி ஜெயிலுக்கு அனுப்பாமல் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, ஓராண்டு அலுவலர் கண்காணிப்பில் விட்டார்கள். வாய்தா வாய்தாவாக அலைந்ததில் வேலை ஏற்கெனவே போயிருந்தது.

முதல் அலுவலர் கெட்டவர் இல்லை. ஆனால் மாதாமாதம் அதே மூன்று வாக்கியம்தான்: "கையெழுத்துப் போடு. வேலைக்குப் போறியா? இப்படியே இருந்தா கோர்ட்டுக்கு எழுதிடுவேன்." திருப்பூரில் பனியன் கம்பெனி வாசலில் 'ஓவர்லாக் டெய்லர் தேவை' என்று போர்டு தொங்கும். அதைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டிப் போயிருக்கிறேன். ஒருமுறை உள்ளே போனேன். "இதுக்கு முன்னாடி எங்க?" என்று மேனேஜர் கேட்டார். சாதாரணக் கேள்வி. எனக்கு அது அலுவலர் குரலில் கேட்டது. "அப்புறம் வர்றேங்க" என்று வெளியே வந்துவிட்டேன். பத்து வருஷம் மெஷினில் உட்கார்ந்தவள் நான்!

ஐந்தாம் மாதம் ஒரு மேடம் மாற்றலாகி வந்தார். "உக்காருங்க" என்றார். அந்த அறையில் எனக்கு விழுந்த முதல் 'ங்க' அது. அடுத்து, எந்தத் தையல் மெஷின் ஓட்டுவேன் என்று தெரிந்துகொள்ள, "ஓவர்லாக்கா, பேட்லாக்கா?" என்று கேட்டார். "ரெண்டும் வருங்க மேடம்" என்றபோது என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. அப்புறம் மேனேஜர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "பழைய வேலையை ஏம்மா விட்டே?" என்றார். அழுதுவிட்டேன். மறுபடி கேட்டார். மூன்றாவது தடவையில்தான், "ஒரு பிரச்சினைங்க, முடிஞ்சிருச்சு. இப்ப ஒன்றரை ஷிப்ட்டுன்னாலும் பார்ப்பேன்" என்று வாயில் வந்தது.

தேவைப்பட்டால் வேலை தேடித் தர முயல்வது அலுவலரின் கடமை என்று அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்வதும், தண்டனையால் வரும் தகுதியிழப்பு எனக்குக் கிடையாது என்று 12ஆம் பிரிவு சொல்வதும் அவர் சொல்லித்தான் தெரியும். தனியார் முதலாளி 'வேண்டாம்' என்றால் சட்டம் ஒன்றும் செய்யாது, அது வேறு. ஆனாலும் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

மறுவாரம் அதே கம்பெனிக்குப் போனேன். ஒத்திகை பார்த்த பதிலெல்லாம் தயாராக இருந்தது. மேனேஜர் எதுவுமே கேட்கவில்லை. இரண்டு துண்டுத் துணியைக் கையில் கொடுத்து, "அடிச்சுக் காட்டும்மா" என்றார்.